ஃபார்மட் அடிச்சிறலாங்களா சார்?

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு மணி அடிக்க ஆளில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவி ஒருத்தியின் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் லேப்டாப்.

"சாருங்க, இது ஆன் ஆக மாட்டேங்குதுங்க. கருப்பா ஏதோ இங்கிலீசுல எழுதிட்டு அப்படியே நிக்குதுங்க. கடையில காட்டுனனுங்க. ஹார்டு டிஸ்க் போச்சு, ஃபார்மட் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டா 600 ரூபான்னு சொன்னாங்க. அக்காகிட்ட போன்ல சொன்னதுக்கு, சாரைக் கேக்காம எதுவும் பண்ணாதேன்னு திட்டறாங்க. ஃபார்மட் அடிச்சிறலாங்களா சார்?"

லேப்டாப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மூடியில் அரசு முத்திரை. விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். எல்காட் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, கல்லூரி என்று லட்சக்கணக்கான பிள்ளைகள் கைக்குப் போனது. இவனுடைய அக்கா 2012-13இல் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவள். எங்கள் பள்ளி மைதானத்தில் வரிசையில் நின்று, பெட்டியைப் பிரிக்காமலே நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோனவள். வீட்டில் அதற்கு முன் இருந்த ஒரே மின் சாதனம் ஒரு டிவி.

சுவிட்சைப் போட்டேன். 'எரர், நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று இன்னொரு வரி. அதன் பக்கத்தில் கோடு மினுக் மினுக் என்று கண் சிமிட்டுகிறது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்தத் திரையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

"என்ன கண்ணு பண்ணுனே?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க சார்."

நாற்பது பேர் வகுப்பில் சுண்ணாம்புக்கட்டியை எறிந்தவன் சொல்லும் அதே பதில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். தானாக வந்தது.

நூல் கணக்கு, துணி கணக்கு எல்லாம் இதில்தான் வைத்திருக்கிறான். சி டிரைவ் நிரம்பி சிவப்புக் கோடு காட்டியது. யூடியூபில் பார்த்து டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறந்தான். அங்கே எழுத்துப் பெயரே இல்லாமல் சுமார் 50 ஜிபியில் ஒரு கட்டம். "நூறு பர்சென்ட் காலின்னு போட்டிருந்துச்சுங்க சார். சும்மாதானே கெடக்குதுன்னு டெலிட் பண்ணிட்டனுங்க." அப்போது, இது விண்டோஸ் உருவாக்கிய பகுதி அல்ல, வேறு இயங்குதளத்தின் தகவல் இருக்கலாம் என்று ஒரு எச்சரிக்கை வந்ததாம். எஸ் அழுத்திவிட்டான். பிறகு சி டிரைவைப் பெரிதாக்கப் போனால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகக் கிடந்தது. ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகுமென்று நினைத்தான். ரீஸ்டார்ட் ஆகவே இல்லை.

அந்தக் கட்டம் காலி இல்லை. இந்த லேப்டாப்புகளில் இரண்டு இயங்குதளங்கள் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் விண்டோஸ் பக்கமே போவார்கள். லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தனக்குப் புரியாததை அது 'நூறு சதவீதம் காலி' என்று காட்டிவிடும். நம்மில் பலரும் அப்படித்தானே, அதை விடுங்கள்.

"லினக்ஸ்தானே சார், நமக்கு எதுக்கு? விண்டோஸ் வந்தாப் போதும்" என்றான். அப்போதுதான் திருப்பூரிலிருந்து அக்கா போனில் வந்தாள். குரலே சரியில்லை.

"சார், அப்பாவோட முன்பணக் கணக்கு அந்தப் பெங்குவின் பக்கத்துலதான் சார் இருக்குது."

நம் பக்கத்து நண்பர்களுக்கு முன்பணம் என்றால் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். விசைத்தறிப் பட்டறையில் வேலைக்குச் சேரும்போது குடும்பம் ஒரு தொகை வாங்கும். வாராவாரம் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். முழுதும் கழியும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. பிடித்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இவர்கள் அப்பா 40,000 வாங்கியிருந்தார். 2012இல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும்கூடக் கரண்ட் இருக்காது. எடப்பாடியில் தறிச் சத்தம் நின்றுபோனால் காது அடைத்தது போலிருக்கும், அந்த வருடம் அப்படித்தான் இருந்தது. தறி ஓடாவிட்டால் கூலி ஏது? மேலும் 15,000 வாங்கினார். ஆக 55,000.

மகள் கைக்கு லேப்டாப் வந்ததும் செய்த முதல் காரியம், அப்பா கொண்டுவரும் சீட்டுகளைக் கணக்குத்தாளில் ஏற்றியது. கரண்ட் போன ராத்திரிகளில் பேட்டரி வெளிச்சத்தில் ஏற்றியிருக்கிறாள். சீட்டுகளைப் படமும் எடுத்து வைத்தாள். விண்டோஸ் பக்கம் வைத்தால் பென் டிரைவ் வைரஸ் வந்து ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகிறதே என்று பாதுகாப்பாகப் பெங்குவின் பக்கம் வைத்தாள். பதினேழு வயதுப் பெண். அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

2016 நடுவில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் அந்தத் தறிக்குப் போவது நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். இப்போது பட்டறையைப் பார்ப்பது முதலாளியின் மகன். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, இன்னும் 48,000 நிற்கிறது என்று ஆள் அனுப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருப்பது கொடுத்த பக்கம் மட்டும். பிடித்தம் எழுதிய கணக்குப்பிள்ளையும் இல்லை, அவர் நோட்டும் இல்லை. இந்தப் பக்கம் சீட்டுகளும் வீடு மாற்றியபோது போய்விட்டன. மிச்சம் இருந்தது அந்த 50 ஜிபி 'காலி' இடம்தான்.

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரி கண்ணு. இன்னும் ஒண்ணும் போகல" என்றேன்.

தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. இயற்பியல் வாத்தியாராகவே சொன்னேன். முதலில், டிஸ்க் போயிருந்தால் அந்த 'கிரப்' வரியே வராது. அந்த வரியும் டிஸ்க்கிலிருந்துதான் படிக்கப்படுகிறது. ஆக டிஸ்க் உயிரோடு இருக்கிறது.

அடுத்து, டெலிட் என்றால் என்ன நடக்கிறது? அந்தக் காலத்து லேப்டாப்புகளில் ஹார்டு டிஸ்க்கின் முதல் பகுதி வெறும் 512 பைட். அதில் 446 பைட் கணினியை எழுப்பும் சின்ன நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை: எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று நான்கு வரி, வரிக்கு 16 பைட். கடைசி 2 பைட் முத்திரை. நான்குக்கு மேல் பகுதிகள் வேண்டுமென்றால் ஒரு வரியைப் பெரிய வளாகமாக வைத்து, அதற்குள் சங்கிலி போலச் சின்ன அட்டவணைகள். இவன் அழித்தது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை. 50 ஜிபியை அல்ல, சில பைட்டுகளை.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சிட்டாவிலிருந்து ஒரு வரியை அடித்துவிட்டான். வயல் வயலாகவே இருக்கிறது, கரும்பு நிற்கிறது, வரப்பும் இருக்கிறது. ஏட்டில் மட்டும் இல்லை. ஆனால் ஏட்டில் இல்லை என்று இன்னொருவன் டிராக்டரை விட்டு உழுதுவிட்டால் கரும்பு போச்சு. ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது அந்த டிராக்டர்தான். இவன் சி டிரைவைப் பெரிதாக்கப் போய் அந்தப் பட்டன் மங்கலாக இருந்ததே, அதுதான் அதிர்ஷ்டம். கூடியிருந்தால் உழுதிருப்பான்.

அப்படியானால் விண்டோஸ் ஏன் வரவில்லை, அதைத்தான் தொடவில்லையே என்று கேட்டான். நல்ல கேள்வி. இரண்டு இயங்குதளம் இருக்கும்போது வாசலில் வாட்ச்மேனாக நிற்பது 'கிரப்' என்ற லினக்ஸ் நிரல். அவன் வாசலில் நிற்கிறான், சாவிக்கொத்தை லினக்ஸ் அறைக்குள் மாட்டியிருக்கிறான். அறையையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டால், விண்டோஸ் வகுப்பறை நன்றாக இருந்தும் திறக்க ஆளில்லை. 'அப்படி ஒரு அறையே இல்லையே' என்று வாட்ச்மேன் கையை விரிக்கிறான். அதுதான் அந்த எரர்.

விண்டோஸ் மட்டும் போதும் என்றால் வேலை பத்து நிமிடம். விண்டோஸ் நிறுவும் டிவிடியில் ஏறி, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்ற சொல்லோடு கொடுத்தால், பழைய வாட்ச்மேனை அனுப்பிவிட்டு விண்டோஸ் வாட்ச்மேன் வந்து நிற்பான். அட்டவணையை அது தொடாது. பலருக்கு இது போதும். எங்களுக்குப் போதாது.

என் கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை இறக்கி பென் டிரைவில் ஏற்றினேன். எஃப்12 அழுத்தி அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பினேன். இப்படி எழுப்பினால் ஹார்டு டிஸ்க்கில் நாம் சொல்லாமல் ஒரு எழுத்தும் எழுதப்படாது.

உடனே மீட்கப் போகவில்லை. பன்னிரண்டு வருடத்து டிஸ்க். எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். முதலில் 320 ஜிபியையும் அப்படியே என் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கு நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ ஓடவிட்டேன். பழைய யூஎஸ்பி துளை, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் என் பழைய கதையை அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

2013. இதே திரையோடு ஒரு பையன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். லினக்ஸ் வேண்டாம் என்று அழித்திருந்தான். அழிக்கச் சொன்னதே நான்தான். "அந்தப் பெங்குவின் எதுக்குப்பா, எடுத்துட்டா இடம் மிச்சம்" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். யாரிடமோ கடன் வாங்கிய விண்டோஸ் சிடியைப் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தி, டிஸ்க் முழுதையும் ஃபார்மட் அடித்து, ஒரு பீரியடுக்குள் லேப்டாப்பைப் புதுசு போல ஆக்கிக் கொடுத்தேன். சக ஆசிரியர்கள் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பையன் திறந்து பார்த்தான். தேடினான். மெதுவாகக் கேட்டான், "சார், டி டிரைவ்ல நான் எழுதுன கதையெல்லாம் இருந்துச்சுங்க…"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மறுபடியும் எழுதிக்கலாம்பா" என்றேன். "பரவால்லீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் எழுதியது எத்தனை கதை, என்ன கதை, நான் கேட்கவே இல்லை. அதற்கு முன் அவனிடம் 'உள்ளே என்ன இருக்கிறது' என்று கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஃபார்மட் அடித்தேன். அந்த 'பரவால்லீங்க' இன்னும் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்த வயதில் உட்கார்ந்து பார்ட்டிஷன் அட்டவணையெல்லாம் படித்தது அதனால்தான்.

சரி. நகல் முடிந்தது. டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலைத் திறந்தேன். பிரான்ஸ்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, இலவசம். படம் எதுவும் இருக்காது, வெறும் எழுத்துத் திரை. டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அட்டவணை வகை 'இன்டெல்' என்று வைத்து, 'அனலைஸ்', பிறகு 'குவிக் சர்ச்'.

இது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன் தலைப்பகுதியில் தன்னைப் பற்றியே எழுதி வைத்திருக்கும். நான் இன்ன வகை, இவ்வளவு பெரியவன் என்று. ஏட்டில் பெயர் அடிபட்டாலும் வயலில் சர்வே கல் நிற்கும் அல்லவா, அதுபோல. டெஸ்ட்டிஸ்க் டிஸ்க் முழுதும் நடந்து அந்தக் கற்களைத் தேடுகிறது.

பட்டியல் வந்தது. விண்டோஸ் பகுதிகள். கீழே 'லினக்ஸ்' என்று ஒரு வரி. அதன்மேல் போய் 'பி' எழுத்தை அழுத்தினேன். உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் வரிசையாக விழுந்தன. 'ஹோம்'. அதற்குள் அவள் பெயர். அதற்குள் 'அப்பா'.

தம்பி வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

அட்டவணையை உடனே எழுதவில்லை. அந்த ஃபோல்டரை அங்கிருந்தே வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். திறந்து பார்த்தேன், திறந்தது. அதன் பிறகுதான் 'ரைட்' கொடுத்தேன். பென் டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட். பழைய பட்டியல் வந்து நின்றது. மேலே பாஸ் லினக்ஸ், கீழே விண்டோஸ் 7. வாட்ச்மேனுக்குச் சாவி கிடைத்துவிட்டது.

கணக்குத்தாளில் 2013 ஜனவரி முதல் 2016 மே வரை 148 வரிகள். வரிக்கு 250 ரூபாய். 37,000. பண்டிகை வாரங்களில் பிடித்தம் இல்லை என்று குறிப்புகூட எழுதி வைத்திருக்கிறாள். 55,000த்தில் போக நிற்பது 18,000.

நான் உள்ளுக்குள் ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். முழுதும் கழிந்திருக்கும், பைசா பாக்கி இருக்காது என்று. அப்படி இல்லை. சாயங்காலம் அவன் அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். தார் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார்.

"பதினெட்டு நிக்குதுங்களா சார்? அப்ப அதைக் குடுத்துரோணுங்க. அவரும் குடுத்துருவேன் குடுத்துருவேன்னுதான் சொல்லிட்டிருந்தாருங்க. முப்பது கூடக் கேட்டாங்களே, அதுக்குத்தான் நெஞ்சு அடைச்சுச்சு."

மறுநாள் தம்பியும் நானும் பட்டறைக்குப் போனோம். முதலாளி மகன் சீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் நின்றார். "இது எங்க அப்பா கையெழுத்துங்க" என்றார். பிறகு நோட்டை எடுத்து, 48,000த்தை அடித்து 18,000 என்று எழுதினார். மாதம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று பேசி முடிந்தது. கிளம்பும்போது, அந்தப் படத்தைத் தனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்.

நண்பர்களே, இந்த வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்ட்டிஷனைத் தொடும் முன் முக்கியமானதை வேறொரு இடத்தில் நகல் எடுங்கள். தொட்டபின் கணினி எழாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். புதிய பார்ட்டிஷன் உருவாக்காதீர்கள், ஃபார்மட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

புதிய கணினிகளில் கதை கொஞ்சம் வேறு. அட்டவணை ஜிபிடி முறையில் இருக்கும், அதற்கு டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு பிரதியும் உண்டு. இஎஃப்ஐ என்று ஒரு சின்னப் பகுதி பெயரில்லாமல் கிடக்கும். சும்மா கிடக்கிறது என்று அதை அழித்தால் கணினி எழாது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வையுங்கள். எஸ்எஸ்டியில் ஃபார்மட் அடித்தால் 'ட்ரிம்' என்ற கட்டளை போய் உள்ளிருப்பதையும் துடைத்துவிடும். அங்கே சர்வே கல்லும் மிஞ்சாது. ஆகவே அதில் இரட்டிப்புக் கவனம்.

கடைக்காரர்களைத் திட்டாதீர்கள். ஒரு மேஜையில் இருபது கணினி வைத்திருப்பவர், நாம் சொல்லாவிட்டால் ஃபார்மட்தான் அடிப்பார். 'உள்ளே வேண்டியது இருக்கிறது' என்று சொல்ல வேண்டியது நாம்.

நம் ஊரில் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிகிறோமா? தறியை நிறுத்தி, நுனியைத் தேடி, முடிச்சுப் போட்டுத்தானே ஓட்டுகிறோம்.

தம்பிக்கு இடப் பிரச்சினை என்ன ஆனது என்று கேட்பீர்கள். சி டிரைவில் பார்த்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 60 ஜிபிக்கு சினிமா. அதை அழிக்கச் சொன்னேன். "ஐயோ, அது வேணுங்க சார்" என்கிறான்.

2013 பேட்ச் மாணவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கதை எழுதிய அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், சார் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தக் கதைகளில் ஒன்றாவது ஞாபகம் இருந்தால், எனக்கு வாயாலேயே சொல்லட்டும். இந்த முறை முழுதும் கேட்கிறேன்.